ஓய்வுக் காலத்தில் ஒரு கொடித்தோட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டுதோறும் இந்த மேடையில் இலக்கியத்தில் தோய்ந்த பெரியோர் ஒருவர் பேசக் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், புலமை ஏதும் இல்லாத என்னை அழைத்திருக்கிறார். "இந்தக் குடியிருப்பில் முப்பது ஆண்டுக் காலம் வாழ்ந்தவர் நீங்கள். ஓய்வு பெற்றபின் நாசிக்கிற்குச் சென்று திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். நம்மவர் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெற இருக்கின்றனர். உங்கள் பட்டறிவைச் சொல்லுங்கள்" என்று பணித்தார். பணித்ததைத் தட்ட இயலவில்லை.

பழைய நண்பர்களைக் காணும்பொழுதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, "ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பது. மற்றொன்று சற்றே தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது: "தோட்டம் சரி, ஒயின் செய்து விற்பது நம்மவர்க்குத் தகுமா?" இவ்விரண்டுக்கும் என்னால் இயன்ற விடையைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம். இரண்டிற்கும் விடை ஒரே சொல்லில் அடங்கும் என்பது என் எண்ணம். அச்சொல் 'அளவு' என்பது.

தொழில் வந்த வழி

தமிழர்க்குத் திராட்சைத் தேறல் புதியது அன்று. யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த மணமிக்க தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபொழுது, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த இருகைப் பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆயினும் அது வந்திறங்கிய சரக்கு. நாம் விளைத்தது அன்று. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு விளைவிக்கும் பன்னீர் திராட்சை, உண்பதற்குரிய பழம். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள்.

நாசிக்கின் கதை வேறு. கோதாவரி தோன்றும் அந்நாடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் உண்டு. பகல் வெயில் பழத்தில் இனிப்பை ஏற்றும்; இரவுக் குளிர் புளிப்பைக் காக்கும். உண்ணும் திராட்சை அங்கே நெடுங்காலமாக விளைகின்றது. மகாராட்டிரத் திராட்சை விவசாயிகள் 1960இலேயே தமக்கெனச் சங்கம் கண்டவர்கள். ஒயினுக்குரிய திராட்சையோ பின்னர் வந்தது. சூலா நிறுவனத்தார் 1997இல் முதற் கொடிகளை நட்டு, 2000இல் முதல் ஒயினை வெளியிட்டனர். 2001இல் மாநில அரசு திராட்சைப் பதனத் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2005இல் சூலா தோட்டத்திலேயே சுவைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. வருவோர் அமர்ந்து, சிறு சிறு அளவில் பல வகைகளைச் சுவைத்துப் பார்த்து, விரும்பியதை வாங்கிச் செல்லும் இடம் அது.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் முறையாகாது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் உலகப் பொருளியல் நெருக்கடி வந்தபொழுது ஒயின் விற்பனை சரிந்தது. ஆலைகள் பழம் வாங்குவதைக் குறைத்தன. சில ஆலைகள் பணம் தருவதையே நிறுத்தின. ஒயின் திராட்சை சிறிது, தோல் தடித்தது, விதை மிக்கது. ஆலை வாங்காவிடில் சந்தையில் அதற்கு விலை இல்லை. பல விவசாயிகள் கண்ணீரோடு கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு மீண்டும் உண்ணும் திராட்சைக்கே திரும்பினர். நான் நிலம் தேடிச் சென்ற காலம் இதற்குச் சற்றுப் பிந்தியது. பிடுங்கிய கொடிகள் வரப்பில் அடுக்கி உலர்ந்து கிடந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே தொழிலில் இறங்கினேன். யாரோ ஒருவர் வாங்குவார் என்று நம்பி விளைவித்தல் ஆகாது. நம் வாயிலுக்கு வருவோர்க்கு விற்கக்கூடிய அளவே விளைவித்தல் வேண்டும். அக்காட்சி எனக்கு உணர்த்திய பாடம் இது.

நிலம்

மகாராட்டிரத்தில் உழவர் அல்லாதார் வேளாண் நிலம் வாங்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கின்றது. ஆட்சியரின் இசைவு வேண்டும். எங்கள் பாட்டனார் வழி வந்த துண்டு நிலம் தஞ்சைப் பகுதியில் என் பெயரில் இருந்தமையால் உழவர் என்னும் சான்று எனக்குக் கிடைத்தது. அத்தகைய நிலம் இல்லாதார் முதலில் நல்ல வழக்கறிஞரைக் காண வேண்டும். தரகரைக் காண்பது அதற்குப் பிறகு.

திண்டோரி வட்டத்தில் மூன்று ஏக்கர் வாங்கினோம். அதில் இரண்டு ஏக்கரில் மட்டுமே கொடி. எஞ்சிய ஓர் ஏக்கரில் வீடு, கிணறு, ஆலை, சுவைக்கூடம், சில மாமரங்கள். எட்டடிக்கு நான்கடி இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,360 கொடிகள் கொள்ளும். இரண்டு ஏக்கருக்கு 2,700. "ஏன் ஐந்து ஏக்கர் வாங்கவில்லை?" என்று கேட்டவர் உண்டு. ஒவ்வொரு கொடியையும் ஆண்டில் பத்து முறையேனும் நின்று பார்க்க வேண்டும். இரண்டு முதியவர்கள் 2,700 கொடிகளைப் பார்க்க முடியும். 7,000 கொடிகளைப் பார்க்க முடியாது. பாராத கொடி நம்முடையது அன்று. அது நோய்க்கும் பறவைக்கும் உரியது.

2012 தொடக்கத்தில் டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடிகளை நட்டோம். அது உவரையும் வறட்சியையும் தாங்கும் வன்மை உடையது. அவ்வாண்டு மழை ஓய்ந்ததும் அதன்மேல் ஷெனின் பிளாங்க் என்னும் வெள்ளை வகையையும், ஷிராஸ் என்னும் கருவகையையும் ஒட்டுக் கட்டினோம். முதல் அறுவடை 2015இல் வந்தது. ஆக, கையில் ஒரு காசும் வராமல் மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு பெறும் நாளன்று நட்டுவிட்டு மறு ஆண்டே வருமானம் எதிர்பார்ப்பவர்க்கு இத்தொழில் உதவாது.

இரண்டு கவாத்து, ஒரு விளைச்சல்

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். நம் நாட்டில் அது உறங்குவதில்லை. விட்டால் இடையறாது தழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கவாத்துக் கத்தியே அதற்குப் பனிக்காலம். கம்பம் பகுதியில் ஆண்டில் இருமுறையும் அதற்கு மேலும் பழம் எடுப்பர். நாசிக்கில் இருமுறை கவாத்து செய்து ஒருமுறையே பழம் எடுப்பர்.

அறுவடை முடிந்தபின் ஏப்ரலில் செய்வது அடிக்கவாத்து. பழைய கிளைகளை எல்லாம் வெட்டிப் புதுக் குச்சிகள் வளர விடுவர். வெட்டிய 40 முதல் 60 நாள்களுக்குள், அக்குச்சியின் மொட்டுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத வடிவில், அடுத்த விளைச்சலின் குலை உருவாகிவிடுகின்றது. அந்நாள்களில் மொட்டின்மேல் வெயில் நன்கு படவேண்டும். இலை அடர்ந்து நிழல் விழுந்தால் குலை உருவாக வேண்டிய இடத்தில் பற்றுக்கம்பியே உருவாகும். மேயில் செய்யும் பணியின் பயன் பிப்ரவரியில்தான் தெரியும். அலுவலகத்தில் மாத இறுதியில் ஊதியம் பெற்றுப் பழகிய எனக்கு இந்தப் பொறுமையைக் கற்பதே பெரும் பாடமாயிற்று.

மழை ஓயும் காலத்தில், செப்டம்பர், அக்டோபரில் செய்வது கனிக்கவாத்து. மொட்டுகள் ஒருசேர முளைக்கும்பொருட்டு ஹைட்ரஜன் சயனமைடு என்னும் மருந்தை மொட்டுதோறும் தடவுவர். கையுறை இன்றி அதனைத் தொடல் ஆகாது. மற்றொரு விந்தையும் உண்டு. அம்மருந்தைக் கையாண்டவர் அந்நாள்களில் ஒரு துளி மதுவும் அருந்தல் கூடாது. அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, உயிருக்கே இடர் வரும். ஒயினுக்காகவே கொடி வளர்ப்பவன் ஒயினைத் தொடாதிருக்க வேண்டிய நாள்களும் இத்தொழிலில் உண்டு.

அதன்பின் வருவது நோயோடு போராட்டம். அக்டோபர் மழை நீடித்தால் அடிச்சாம்பல் நோய் வரும். வானம் மூடிக் குளிர்ந்தால் சாம்பல் நோய் வரும். பிரெஞ்சு அறிஞர் மில்லார்தே 1885இல் உலகிற்கு அறிவித்த போர்டோ கலவையை இன்றும் நாங்கள் கலக்கிறோம். ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். எளிய மருந்துதான், ஆயின் கலக்கும் முறை தவறினால் இளந்தளிர் கருகிவிடும். புனேக்கு அருகே மாஞ்சரியில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைகளைக் கேட்டு நடப்போர்க்கு வீண் செலவு குறையும்.

எல்லாம் செய்தபின்னும் வானம் ஒன்று இருக்கின்றது. 2014 தொடக்கத்தில் மகாராட்டிரத்தில் பெய்த ஆலங்கட்டி மழையையும், 2023 நவம்பரில் நாசிக் மாவட்டத்தில் பெய்ததையும் நீங்கள் செய்தியாகப் படித்திருப்பீர்கள். நாங்கள் அவற்றைக் கூரைமேல் கேட்டோம். கால் மணி நேரத்தில் ஓராண்டு உழைப்பு தரையில் கிடக்கும். அடுத்த தோட்டத்துப் பெரியவரை நாங்கள் காகா என்று அழைப்போம். 2023இல் அவர் தோட்டம் பெரிதும் அழிந்தது. மறுநாள் காலை அவர் கத்தியை எடுத்துக்கொண்டு, முறிந்த தளிர்களை வெட்டத் தொடங்கிவிட்டார். "கொடி சாகவில்லை, நான் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்றார். அவருக்கு அது வாழ்வு. எனக்கோ மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகின்றது. இவ்வேறுபாட்டை நான் என்றும் மறப்பதில்லை. ஓய்வூதியம் பெறுபவன் தன்னை உழவன் என்று சொல்லிக்கொள்வதற்கு முன் சற்றுத் தயங்குதல் நலம்.

பழம் தேறல் ஆகும் வகை

உண்ணும் திராட்சைத் தோட்டத்தில் ஏக்கருக்குப் பத்து டன்னும் அதற்கு மேலும் எடுப்பவர் உண்டு. ஒயினுக்கு அது பொருந்தாது. மிகுதியாகக் காய்க்கவிட்டால் சுவை நீர்த்துப் போகும். கொடிக்கு மூன்று கிலோ என்று வரையறுத்து, மிகையான குலைகளைக் காயிலேயே கிள்ளிவிடுகிறோம். ஏக்கருக்கு நான்கு டன் வருகின்றது. முதலாண்டு குலைகளைக் கிள்ள என் துணைவியாருக்கு மனம் வரவில்லை. "பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுவது போல இருக்கிறது" என்றார். கிள்ளாத வரிசையின் பழத்தையும் கிள்ளிய வரிசையின் பழத்தையும் தின்று பார்த்த பின்னரே உடன்பட்டார்.

ஒரு டன் பழத்திலிருந்து 600 முதல் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும். ஓர் ஏக்கர்ப் பழத்தை ஒப்பந்தப்படி பெரிய ஆலைக்கு விற்றுவிடுகிறோம். மற்றோர் ஏக்கர்ப் பழம் எங்கள் சிற்றாலைக்கு. அது ஏறத்தாழ 3,500 புட்டிகள் ஆகும். வாரத்திற்கு எழுபது புட்டிகளுக்கும் குறைவு. இதுவே வாயிலுக்கு வருவோரிடம் விற்கக்கூடிய அளவு.

செய்முறை விளங்கக் கூறின் எளிது. விடியலில் பழம் பறித்து, காம்பு நீக்கி, நசுக்கி, ஈஸ்ட் சேர்த்தால் பழத்தின் இனிப்பு சாராயச் சத்தாக மாறும். வெள்ளை வகைக்குச் சாற்றை மட்டும் பிழிந்து, எஃகுத் தொட்டியில் 15 டிகிரி அளவில் குளிர வைத்துப் புளிக்க விடுவோம். கருவகைக்குத் தோலோடு சேர்த்துப் புளிக்க விடுவோம். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே இறங்குகின்றன. இனிப்பைப் பிரிக்ஸ் என்னும் அளவால் அறிவர். 22 பிரிக்ஸில் பறித்த பழம் 12 விழுக்காடு அளவில் சாராயச் சத்துள்ள ஒயினாகும்.

இதில் பெரும்பங்கு வேலை கழுவுதலே. தொட்டி, குழாய், வாளி, தரை எல்லாவற்றையும் முன்னும் பின்னும் கழுவ வேண்டும். ஒரு மூலையில் அழுக்குத் தங்கினால் தொட்டி முழுதும் காடியாகிவிடும். என் துணைவியார் இதுவரை ஒரு துளியும் அருந்தியவர் அல்லர். ஆயினும் தொட்டியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில், "இது சரியாகப் புளிக்கிறது, அதில் ஏதோ குறை இருக்கிறது" என்று மணத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் இட்லி மாவின் பதம் பார்த்த மூக்கு அது. ஆண்டில் சில நாள் வந்து வழிகாட்டிச் செல்லும் ஒயின் வல்லுநர், அவர் சொன்னதைக் கேட்ட பின்னரே தம் கருவிகளை எடுப்பார்.

சுவைக்கூடம்

2016இல் கூடத்தைத் திறந்தோம். உரிமம் பெறுவதற்கு அலைந்த அலைச்சலைச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க விரும்பவில்லை. கலால் துறையின் ஏடுகளில் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு எழுத வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். ஆலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவனுக்கு அது கடினமாகப்படவில்லை.

கூடம் என்றால் பெரிதாக எண்ண வேண்டா. ஓடு வேய்ந்த திண்ணை, நான்கு மேசைகள், எதிரே கொடி வரிசைகள். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் திறப்போம். மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் குடும்பத்தோடு வருவர். ஒருவர்க்கு நான்கு வகை. ஒவ்வொன்றிலும் முப்பது மில்லி லிட்டர் மட்டும். வெள்ளையை முதலிலும் கருவகையைப் பின்னரும் தருவோம். துவர்ப்பு முதலில் நாவில் படிந்தால் மெல்லிய சுவை தெரியாது. முதலில் நிறத்தைப் பார்க்கச் சொல்வோம். கிண்ணத்தைச் சுழற்றி முகரச் சொல்வோம். பிறகே ஒரு மிடறு. விழுங்க விரும்பாதார்க்கு மேசைமேல் படிக்கம் இருக்கும். நம் பாட்டிமார் வெற்றிலைக்கு வைத்திருந்த பித்தளைப் படிக்கமே அது. வருவோர் அதைக் கண்டு வியப்பர்.

வண்டி ஓட்டுபவர்க்கும், பிள்ளைகட்கும், அருந்தாத பெரியோர்க்கும் புளிக்காத திராட்சைச் சாறு. அதுவும் அதே கொடியின் பழம்தான். அதற்கும் அதே கிண்ணம்தான். அருந்தாதவரை ஓரத்தில் உட்கார வைப்பது விருந்தோம்பல் ஆகாது. சில நாள்களில் ஒயினைவிடச் சாறே மிகுதியாகச் செலவாகும்.

வருவோர் பெரும்பாலும் ஒயினைப் பற்றிக் கேட்பதைவிடக் கொடியைப் பற்றியே மிகுதியாகக் கேட்கின்றனர். நகரத்துப் பிள்ளை ஒருவன் தன் கையால் ஒரு குலையைப் பறித்து, அதன் கனத்தைக் கண்டு அஞ்சி இரு கையாலும் தாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்றவர்க்குப் பெருந்துன்பம் பணக் குறைவன்று, பேசுவார் இல்லாமை. முப்பது ஆண்டுகள் எவர் எவரோ நம் மேசைக்கு வந்து ஐயம் கேட்டனர். ஒரு மாலையில் மாலை போட்டு அனுப்பிவிட்டனர். மறுநாள் முதல் கேட்பார் இல்லை. சுவைக்கூடம் எனக்கு அக்கேள்விகளைத் திரும்பத் தந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கூடத்தை மூடியபொழுது விற்பனை நின்றதைக்கூடத் தாங்க முடிந்தது. சனிக்கிழமையன்று வாயிலில் வண்டியொலி கேளாததே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது.

தகுமா என்னும் கேள்வி

இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர் நம் வள்ளுவர். அவருக்கு மறுப்புக் கூறும் தகுதி எனக்கு இல்லை. கூற விருப்பமும் இல்லை. 'ஒயின் உடலுக்கு நல்லது' என்று கூறி விற்பவர் உண்டு. மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்துவிட்டது. ஆகவே எங்கள் கூடத்தில் அந்தப் பேச்சே கிடையாது. 'இது மருந்தன்று, பண்டம். அளவோடு சுவைப்பவர்க்கு உரியது' என்பதே நாங்கள் கூறுவது.

இக்கேள்வியை என்னிடம் மிகக் கூர்மையாகக் கேட்டவர் ஓர் அம்மையார். பேட், சுர்காணா வட்டங்களின் மலை ஊர்களிலிருந்து திராட்சை வேலைக்குப் பெண்கள் குழுவாக வருவர். கவாத்துக் காலத்திலும் அறுவடையிலும் அவர்கள் இன்றி ஒரு தோட்டமும் நடவாது. அவர்களில் மூத்தவர் ஒருவர், கூடம் கட்டும்பொழுது வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, எங்கள் வீட்டு ஆண்கள் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டும் கடை போன்றதுதானா இதுவும்?" என்று மராத்தியில் கேட்டார். நான் விடை தேடிக்கொண்டிருந்தேன். என் துணைவியார், "ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன். இந்த ஊரிலும் உங்கள் ஊரிலும் ஒரு புட்டியும் விற்க மாட்டோம். கூலியில் ஒரு காசும் இந்த மேசைக்குத் திரும்பி வராது" என்றார்.

அன்று சொன்ன சொல்லே எங்கள் சட்டம். தோட்டத்தில் வேலை செய்வோர்க்கும், அவர்கள் வீட்டார்க்கும் விற்பதில்லை. கூலியைப் பெண்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறோம். கடன் கிடையாது. சட்டம் குறித்த அகவைக்கு உட்பட்டவர்க்குக் கிடையாது. கதிரவன் மறைந்தால் கூடம் மூடப்படும். வந்தவர் நிலை தளர்வதாகத் தோன்றினால், எத்தனை பணம் நீட்டினாலும் அடுத்த கிண்ணம் இல்லை. இதனால் ஊரில் சிலர் எங்கள்மேல் வருத்தம் கொண்டனர். "பட்டணத்தாருக்கு விற்பாய், எங்களுக்கு விற்க மாட்டாயா?" என்று கேட்டவர் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அவ்வம்மையாருக்குக் கொடுத்த சொல் அதனினும் பெரிது. அடுத்த பருவத்திலும் அவர் தம் குழுவோடு வந்தார், இன்றும் வருகின்றார். எங்கள் தோட்டத்திற்குக் கிடைத்த சான்றிதழ்களுள் அதனை முதலாவதாகக் கருதுகிறேன்.

தகுமா என்றால், எல்லார்க்கும் தகும் என்று நான் சொல்லவில்லை. நட்டு, பறித்து, செய்து, தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பவன், அதை அருந்துபவரின் முகத்தைப் பார்க்கின்றான். முகம் பார்த்து விற்பவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். அதனை அறிந்தும் நிறுத்த மனம் இல்லாதவர் இத்தொழிலுக்கு வரவே வேண்டா.

கணக்கு

முதற் கேள்விக்கும் விடை கூற வேண்டுமே! விளைச்சல் நன்றாக இருக்கும் ஆண்டில் கூலி, மருந்து, மின்சாரம், புட்டி, தக்கை, வரி எல்லாம் போக எங்கள் இருவர்க்கும் ஒரு நல்ல யாத்திரைக்கும், பேரப்பிள்ளைகளுக்குச் சீர் செய்வதற்கும் போதுமானது எஞ்சும். ஆலங்கட்டி பெய்த ஆண்டில் கையிலிருந்து போகும். ஐந்தாண்டைச் சேர்த்துப் பார்த்தால் நட்டமில்லை. செல்வம் சேர்க்க வழி தேடுவோர்க்கு இதனைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இறங்க விரும்புவோர்க்கு நான் கூறுவன சில. ஓய்வூதியத்தைத் தொடாதீர். வருங்கால வைப்பு நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணில் போடாதீர். வீட்டை அடகு வைக்காதீர். துணைவியார் முழு மனத்தோடு உடன்படாவிடில் தொடங்காதீர். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டியவர்கள் இருவரும். மருத்துவமனை எத்தனைத் தொலைவு என்று பார்த்து நிலம் வாங்குங்கள். அண்டை வீட்டாரின் மொழியை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். குடியிருப்பில் முப்பது ஆண்டுகள் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம். மராத்தி தெரியாமல் கொடி வளர்க்க இயலாது. நோய் வந்த நள்ளிரவில் கைகொடுப்பவர் காகாவே அன்றி நம் சங்கத்தார் அல்லர்.

நமக்குப் பின்

எங்கள் மகன் பெங்களூரில். மகள் கடல் கடந்து. இருவரும் அன்புடையவர்கள், விடுமுறையில் வந்து கூடத்தில் நின்று உதவுவர். ஆயினும் தோட்டத்தை ஏற்று நடத்த வருவார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. எண்ணி அவர்களைக் கட்டவும் விரும்பவில்லை. நம் தந்தையர் நம்மை ஊரோடு கட்டிப்போட்டிருந்தால் நாம் இந்தக் குடியிருப்புக்கு வந்திருப்போமா?

இப்பகுதியில் கொடியின் பயன் தரும் காலம் பதினைந்து, இருபது ஆண்டுகள். எங்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவே காலம் என்று நட்ட அன்றே பேசிக்கொண்டோம். காகாவின் பேத்தி வேளாண்மைக் கல்லூரியில் படித்தவள்; மூன்று ஆண்டுகளாக எங்களோடு ஆலையில் வேலை கற்கின்றாள். எங்களால் இயலாத நாள் வந்தால் நிலத்தை முதலில் அவளிடமே விலை கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். அவள் வேண்டா என்றால் கொடிகளைப் பிடுங்கி, நிலத்தை விற்று, கடன் ஏதுமின்றி விடைபெறலாம். கடன் இல்லாமல் முடிக்கக்கூடிய அளவில் தொடங்கியதனால்தான் இன்று அமைதியாக உறங்குகிறோம். ஓய்வுக் காலத்தில் தொடங்கும் எந்தப் பணிக்கும், அது தோட்டமாயினும் பள்ளியாயினும் கடையாயினும், இவ்விதி பொருந்தும் என்பது என் கருத்து.

அன்பர்களே, கொடியை அளவோடு காய்க்கவிட்டால் பழம் சுவைக்கும். கிண்ணத்தை அளவோடு நிரப்பினால் விருந்து சிறக்கும். நிலத்தையும் கடனையும் அளவோடு ஏற்றால் முதுமை இனிக்கும். உங்களில் ஓய்வை நோக்கி நிற்பவர்கள், எதைச் செய்யலாம் என்று எண்ணுவதற்கு முன் எவ்வளவு செய்யலாம் என்று துணைவியாரோடு அமர்ந்து எண்ணுங்கள். எண்ணிய பின்னும் கொடியின்மேல் ஆசை நீங்காதவர்கள், பிப்ரவரி அறுவடையின்பொழுது ஒருநாள் திண்டோரிக்கு வாருங்கள். பறிப்பதற்குக் கூடை தருகிறோம். வெயிலில் இரண்டு மணி நேரம் பறித்துப் பார்த்துவிட்டு, நிழலில் அமர்ந்து முடிவு செய்யுங்கள்.

நம் சங்கம் ஆண்டுதோறும் தழைத்துப் படர்க.